எலும்பு கொடுத்தவர்களுக்கு நன்றி

தலைஞாயிறு பக்கத்துப் பெரியவருக்கும், கறிக்கடை பாய்க்கும், வயலில் ஆட்டுக் கிடை போட வந்த கீதாரி அண்ணனுக்கும், பூம்புகார் மீன்கார அக்காக்களுக்கும் வணக்கம்.

பழைய ஊர் இருந்த மேட்டைத் தோண்டினால் பானை ஓட்டோடு எலும்புத் துண்டும் வரும். அது எந்த விலங்கு, எந்த வயதில் செத்தது, கறிக்கு வெட்டினார்களா, ஏரில் கட்டினார்களா என்று சொல்ல வேண்டுமென்றால், பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்றைய விலங்கின் எலும்பு வேண்டும். கீழடியில் கிடைத்த 70 எலும்பு மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரியில்தான் மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் என்று பிரித்தார்கள். 2019 அறிக்கையில் அது இருக்கிறது. டெல்டா மாட்டுக்கும் மீனுக்கும் அப்படி ஒரு சேகரிப்பை நாங்கள் தொடங்க முடிந்தது உங்களால்தான்.

பெரியவரே, தென்னையடியில் புதைத்த உம்பளச்சேரி இன எருதைத் தோண்டிக்கொள்ளலாமா என்று கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை. "உழுத காலு தம்பி, நல்லா பாருங்க" என்று நீங்களே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தீர்கள். பார்த்தோம். ஆயுசுக்கும் சேற்றில் உழுத அந்தக் காலில், குளம்புக்கு மேலுள்ள எலும்பின் விளிம்பு தடித்து உதடு போலப் பிதுங்கியிருக்கிறது. அதற்கு மேலுள்ள எலும்பின் முனை ஒரு பக்கமாக அகன்றிருக்கிறது. பழைய எலும்பில் இதே அடையாளம் இருந்தால் ஏர் மாடாக இருக்கலாம். வயதானாலும் கொஞ்சம் தடிக்கும்; அதனால்தான் மாட்டின் வயதைக் கேட்டுக் கேட்டு உங்களைத் தொல்லை செய்தோம்.

பாய், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலும் ஆட்டுக் காலை மூட்டில் கழற்றும்போது கத்தி எங்கே உரசுகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எலி கடித்த தடத்தையும் கத்தித் தடத்தையும் இப்போது குழப்பிக்கொள்வதில்லை. கீதாரி அண்ணன் ஆட்டுத் தாடையைக் கையில் வாங்கிய வேகத்தில், பல்லை வைத்தே வயதை "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "கடை சேந்தது" என்று அடுக்கிவிட்டார். நன்றாக வளர்ந்த இளவயதிலேயே வெட்டியவை அதிகமென்றால் கறிக்கு வளர்த்திருப்பார்கள். கிழடு தட்டும்வரை வைத்திருந்தால் பாலுக்கோ உரத்துக்கோ என்று யோசிக்கலாம்.

அக்காக்கள் தந்த கெளுத்தி முள்ளுக்குத் தனி டப்பா. தோண்டிய மண்ணைச் சலிக்காமல் கொட்டினால் சின்ன மீன் முள்ளெல்லாம் போய்விடும். கெளுத்தியின் பக்க முள் தடிப்பானது, அது தங்கும்.

அப்புறம், சதை கழல எலும்பு ஊறிய டிரம்மின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி. காலி செய்யச் சொல்லாதது பெரிய விஷயம்.

இன்னும் வாத்துதான் கிடைக்கவில்லை. அறுவடை வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம், தானாகச் செத்ததை எங்களுக்கு எடுத்து வைக்கும்படி யாராவது சொல்லி வையுங்கள்.