சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக மாணவருக்கு வேதாகமத்தைக் குறியீடாக வாசிக்கக் கற்பிப்பது விசுவாசத்தைக் குலைக்கிறது என்று சென்ற வாரம் இப்பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். எழுதியிருப்பதை எழுதியபடியே வாசித்தால் போதாதா என்பது அவர் கேள்வி. அப்போஸ்தலர் பவுலுக்கே அது போதவில்லை. கலாத்தியருக்கு எழுதும்போது ஆபிரகாமின் அடிமைப் பெண் ஆகாரையும் மனைவி சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாக வாசிக்கிறார். விதைக்கிறவன் உவமையைச் சொன்ன இயேசு, விதை வசனம், முள் உலகக் கவலை என்று தாமே பொருள் விரிக்கிறார். மேலைநாட்டுப் பேராசிரியர் யாரோ நேற்றுக் கொண்டுவந்து இறக்கிய சரக்கல்ல இது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு வக்காலத்து வாங்க வேண்டியிருப்பதுதான் வியப்பு. கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் ஊர் இது. சூரபன்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்பது இங்கே கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையின் காதிலும் விழுந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் சைவரும் கிறிஸ்தவரும் ஒருவரையொருவர் மறுத்து எழுதிய கண்டனப் போரில் மிஷனரிமார் புராணங்களை எழுத்துக்கு எழுத்து வாசித்து நகைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி, நீங்கள் பழிக்கும் கிரியைகள் போன்றவை உங்கள் வேதத்திலும் இருக்கின்றனவே என்று திருப்பிக் கேட்டார். அடுத்தவர் நூலுக்கு எழுத்துப்பொருள், நம் நூலுக்கு உட்பொருள் என்ற வழக்கம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

ஆனாலும் அன்பரின் கவலையை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். குலைவது விசுவாசமல்ல, படிப்பு. கலைப்பீடத்தில் படிக்கும் என் பெறாமகளின் கொப்பியைப் பார்த்தேன். பக்கம் முழுதும் இரண்டு நிரல்கள்: ஆட்டுக்குட்டி என்றால் கிறிஸ்து, ஏழு என்றால் முழுமை, எண்ணெய் என்றால் ஆவி. உயர்தரப் பரீட்சைக்கு ரியூட்டரியில் மனனம் செய்த அதே பாணி. நல்ல சமாரியன் உவமைக்கும் இப்படியொரு பட்டியல் இருந்தது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பராமரிக்கச் சமாரியன் சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணம், இறையன்பு பிறரன்பு என்னும் இரு கட்டளைகளாம்.

அது பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனின் விளக்கம். கொப்பியில் அவர் பெயர் இல்லை. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஓரிஜன் என்ற வேத விளக்கவுரையாளர் அந்த இரண்டு பணத்தைப் பிதாவையும் குமாரனையும் பற்றிய அறிவாகக் கண்டார். சத்திரக்காரன் அகுஸ்தீனுக்குப் பவுல். ஓரிஜன் எடுத்துச் சொல்லும் பழைய விளக்கத்திலோ சபையின் தலைவர். ஒரு பிள்ளை பரீட்சையில் ஓரிஜனின் விடையை எழுதினால் புள்ளி கிடைக்குமா? பட்டியலில் இல்லாததற்கு யார் கொடுப்பார்? சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை என்பதில் ஒத்துப்போன இருவரும் இரண்டு பணத்தில் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் அல்லவா பாடம் தொடங்கும்?

இந்த வாசிப்புக்கு எதிர்ப்பும் பழையதே. பழைய திருச்சபையின் இரு வாசிப்புப் பள்ளிகளில் அலெக்சாந்திரியா உட்பொருளைத் தேடியது. அந்தியோக்கியா சரித்திரத்தை விடாதே என்றது. அந்தியோக்கியரில் முதன்மையான தெயோதோரும் அலெக்சாந்திரியாவின் ஓரிஜனும், இறந்து நெடுங்காலத்தின் பின், வேறு காரணங்களுக்காக 553ஆம் ஆண்டின் ஒரே திருச்சபைப் பொதுச்சங்கத்தில் கண்டிக்கப்பட்டார்கள். மாணவர் இதைக் கேட்டுச் சிரிக்கட்டும், ஆனால் தெரிந்துகொள்ளட்டும். வாதத்துக்கு ஆதாரம் எழுத்துப்பொருளிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்று இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் போட்ட கடிவாளத்தையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும். கடிவாளம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொவிட் காலத்தில் பார்த்தோம். தடுப்பூசிதான் வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தலில் வரும் 666 முத்திரை என்ற செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றியது. நீரோ மன்னனின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் 666 வருகிறது. அந்நூலின் சில பழைய படிகளில் இருக்கும் 616, அப்பெயரின் இலத்தீன் வடிவத்துக்குப் பொருந்துகிறது. இதைப் படித்த பிள்ளை ஊசிக்குப் பயந்திருக்காது.

வேதாகமத்தின் காதல் பாடலான உன்னதப்பாட்டு நடக்கும் கிழமையில் தமிழ்த்துறையிலிருந்து ஒருவரை அழைத்து, மாணிக்கவாசகரின் அகப்பொருள் நூலான திருக்கோவையாரையும் பக்கத்தில் வைக்கலாம். அங்கே பேரின்பப் பொருள் சொல்பவர்கள் தலைவியைச் சிவமாகவும் தலைவனை ஆன்மாவாகவும் கொள்வர். இங்கே மணவாளன் கிறிஸ்து, மணவாட்டி திருச்சபை. இடம் மாறி நிற்பது ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். சைவப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து பேசக்கூடிய பாடம் இதைவிட வேறென்ன இருக்கிறது?

பரீட்சைத் தாளையும் மாற்ற வேண்டும். வகுப்பில் பார்க்காத ஒரு பகுதியைக் கொடுத்து, ஓரிஜன் இதை எப்படி வாசித்திருப்பார், அந்தியோக்கியர் எங்கே மறித்திருப்பார் என்று கேட்கட்டும். விடைத்தாள் திருத்த நாட்கள் கூடும் என்பது தெரியும், நானும் திருத்தியவன்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாசையூர், யாழ்ப்பாணம்.