என்னைத் திரும்ப விமானத்தில் ஏற்றிவிட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் கம்பெனி விமானிகளின் புதிய ஒப்பந்தத்துக்கான வாக்கெடுப்பு போன வாரம் முடிந்தது. சங்கக் கூட்டத்தில் நன்றி சொல்ல எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மூன்று நிமிடத்தில், அதுவும் இங்கிலீஷில், என்ன சொல்லிவிட முடியும்? தொண்டை அடைத்துக்கொண்டது, இறங்கிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, மீதிப் பாதிப் பேர் எங்கள் ஊரான எடிசனில்தான் இருக்கிறார்கள்.

நான் நியூஜெர்சியில் குடியிருக்கும் துணை விமானி. பெரிய நிறுவனங்களுக்காகச் சின்ன ஜெட்களை ஓட்டும் ஒரு பிராந்திய நிறுவனத்தில் வேலை. கொரோனா முடக்கத்தில், 2020 ஏப்ரல் 14 அன்று அமெரிக்கா முழுக்க விமான நிலையச் சோதனையைத் தாண்டிப் போனவர்கள் 87,534 பேர். அதற்கு முந்தைய வருஷம் அதே நாளில் சுமார் 22 லட்சம் பேர். அந்த வாரம் 50 இருக்கை விமானத்தில் மூன்று பேரை வைத்துக்கொண்டு பறந்தேன். அதிலும் ஒருவர் டியூட்டிக்குப் போகிற பைலட்.

சம்பளத்துக்காக அரசு பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. செப்டம்பர் 30 வரை யாரையும் வேலையிலிருந்து அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. அக்டோபர் 1 அன்று ஃபர்லோ தொடங்கியது. ஃபர்லோ என்றால் டிஸ்மிஸ் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கும், நிலைமை சரியானதும் வரிசைப்படி கூப்பிடுவார்கள். அதுவரை சம்பளம் மட்டும் இருக்காது. யாரை அனுப்புவது என்பதில் திறமைக்கெல்லாம் வேலை இல்லை. சீனியாரிட்டிப் பட்டியலின் அடியிலிருந்து எண்ணிக்கொண்டே வருவார்கள், அவ்வளவுதான்.

அப்போது அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். மார்ச்சில் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியதும் இங்கேயே மாட்டிக்கொண்டார். "பைலட் வீட்டுல இருந்துக்கிட்டு ஊருக்குப் போக பிளேன் இல்ல" என்று போனில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஜூலைக் கடைசியில் எனக்கு நோட்டீஸ் வந்த அன்று சிரிக்கவில்லை.

முதல் நன்றி எங்கள் சீனியர் கேப்டன்களுக்கு. மாதம் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்று ஒப்பந்தத்தில் ஒரு கணக்கு உண்டு. எங்களுக்கு அது 75 மணி. அதை 60 ஆகக் குறைத்துக்கொண்டால் கீழே இருப்பவர்களில் பாதிப் பேரையாவது காப்பாற்றலாம் என்று சங்கம் ஒரு தற்காலிக உடன்பாட்டைக் கொண்டுவந்தது. முப்பது வருஷம் ஓட்டிய கேப்டனுக்கு ஃபர்லோ பயமே கிடையாது. அவர் கையிலிருந்து போவது மட்டும்தான். அப்படியும் வாக்களித்தார்கள், உடன்பாடு நிறைவேறியது. அனுப்ப வேண்டியவர்களின் கோடு மளமளவென்று கீழே இறங்கி, எனக்குப் பதினோரு பேருக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

அன்றைக்கு எனக்கு நன்றியெல்லாம் தோன்றவில்லை, எரிச்சல்தான். கோட்டுக்குச் சற்று மேலே தப்பித்தவன் என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்த நண்பன். ராத்திரி போன் செய்து மன்னிப்புக் கேட்டான். நீ என்னடா தப்புச் செய்தாய் என்று சொல்லி வைத்துவிட்டேன், ஆனால் சரியாகப் பேசவில்லை. அதற்கு இப்போது நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பெனியிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டி வந்தது. ஐபேடையும் அடையாள அட்டையையும் அதில் போட்டு, கூடவே வந்த முகவரிச் சீட்டை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். டேப் ஒட்டும்போது அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் நான் வேலை கேட்கவில்லை. பருப்பு வாங்கப் போனவனிடம் அவரே, "தம்பி, டெலிவரிக்கு ஆள் இல்ல, வேன் ஓட்டுவீங்களா?" என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார், நான் பதில் சொல்லும் சங்கடம் வேண்டாம் என்று. பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால், கதவைத் திறக்கும் மாமி முகக்கவசத்தைத் தாண்டி அடையாளம் கண்டுபிடித்து, "ஐயோ, நீங்க பைலட் இல்லையோ?" என்பார். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இது நடக்கும். அந்த மாமிகளுக்கும் நன்றி, காபி நன்றாகவே இருந்தது.

மருத்துவக் காப்பீட்டுக்கு சக விமானிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். விமானம் ஓட்டத் தேவையான மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகப் போனபோது பரிசோதித்த டாக்டர் காசு வாங்கவில்லை. சங்கத் தொண்டர் ஒருவர் வியாழக்கிழமை தோறும் கூப்பிடுவார். செய்தி எதுவும் இருக்காது. "இந்த வாரமும் ஒன்றுமில்லை" என்று சொல்லவே கூப்பிடுவார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வேலை போனவருக்குத்தான் புரியும்.

டிசம்பர் 27 அன்று இரண்டாவது உதவிச் சட்டம் கையெழுத்தானது. டிசம்பர் 1 முதல் கணக்குப் போட்டுச் சம்பளம் வந்தது. ஆனால் உடனே பறக்க முடியாது. 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகப் போன சிமுலேட்டரில் (விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) முதல் இறக்கத்திலேயே ஃபிளாப்ஸை, அதாவது இறக்கையின் பின்பக்க மடக்குகளை, இறக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் மறந்துபோய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் சிமுலேட்டரை அப்படியே நிறுத்தினார். தான் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இரண்டு முறை ஃபர்லோவில் போன கதையைப் பத்து நிமிடம் சொன்னார். அப்புறம், "சரி, திரும்ப ரன்வேக்குப் பத்து மைல் முன்னால் போவோம்" என்றார். தாளில் எதையும் குறிக்கவில்லை.

கடைசியாகப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு. இந்த நாட்டில் விமானிகளின் ஒப்பந்தம் 1926இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. 1936இல் விமானத் துறையையும் அதில் சேர்த்தார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதியாகாது, திருத்தத்துக்கு உரியதாக மட்டுமே மாறும். புதியது வரும்வரை பழைய சம்பளம்தான். அரசின் மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, அதன்பின் 30 நாள் போனால்தான் வேலைநிறுத்தம் பற்றிப் பேசவே முடியும். அதனால் நிர்வாகம் நிதானமாக டீ குடிக்கலாம். நீங்கள் அந்த மேசையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தீர்கள். விடுமுறை நாளில் சீருடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பனியில் டெர்மினல் வாசலில் கோரிக்கை அட்டையைப் பிடித்தபடி பேசாமல் நடந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சம்பள உயர்வு எனக்கு முழுத் திருப்தி இல்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஃபர்லோவில் போகிறவருக்கு ஆறு மாதம் கம்பெனியே காப்பீடு கட்டும் என்ற அந்த ஒரு வரியை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் ஆம் என்று வாக்களித்தேன்.

அண்ணாச்சி, வேனின் மாற்றுச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை டியூட்டி இல்லை, கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
எடிசனிலிருந்து ஒரு துணை விமானி