நாஸ்கார் நிர்வாகத்துக்கு: ஜாக்சன்வில் கணக்கைக் காட்டுங்கள்

அமெரிக்காவில் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

உங்கள் உயர்மட்டப் பந்தயத்தில் முதன்முதலில் ஜெயித்த கருப்பின ஓட்டுநர் வெண்டெல் ஸ்காட் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015ல் அவரை உங்கள் புகழரங்கத்தில் சேர்த்தீர்கள். 2021 ஆகஸ்டில் டேடோனா பந்தயத் தடத்துக்குக் குடும்பத்தாரை அழைத்து, அவர் 1963ல் ஜெயித்ததற்கான கோப்பையும் கொடுத்தீர்கள். அதற்கு மனதார நன்றி. ஆனால் அதைக் கையில் வாங்க வேண்டியவர் 1990லேயே கண்ணை மூடிவிட்டார்.

1963 டிசம்பர் 1, புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம். அரை மைல் மண் தடம், 200 சுற்று. ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் இருந்தும் அவருக்கு வெற்றிக் கொடி அசைக்கவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளைக்கார ஓட்டுநர் ஜெயித்ததாக அறிவித்து, கோப்பையையும் அவரிடமே கொடுத்தார்கள். ஸ்காட் விடாமல் முறையிட்டார். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, ஜெயித்தது நீங்கள்தான் என்றார்கள். பரிசுப் பணம் வந்தது, அந்தக் கோப்பை வரவில்லை. பிறகு ஒருநாள் சாதாரண மரக் கோப்பை ஒன்றைக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

எண்ணிக்கைப் பிழை என்பது உங்கள் விளக்கம். கோப்பை கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண் ஒரு கருப்பருக்கு முத்தம் தருவதைக் கூட்டம் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம் என்றார் ஸ்காட். சரி, சுற்றுகளைக் கையால் எண்ணிய காலம், பிழை வரும். இரண்டு சுற்றுமா தவறும்? அன்றைய கணக்குத் தாள்கள் உங்களிடம் இருந்தால் வெளியிடுங்கள்.

பெரிய கம்பெனி எதுவும் அவர் பின்னால் நிற்கவில்லை. பழைய வண்டி, தேய்ந்த டயர், பந்தயத்தின் நடுவே வண்டியைச் சரிபார்க்கும் பிட்டில் உதவிக்குப் பெற்ற பிள்ளைகள். எஞ்சினைத் தானே பிரித்து, தானே பூட்டி, மறுநாள் அதே வண்டியை ஓட்டுவார். அப்படியே 495 பந்தயம் ஓடினார். 1973ல் டல்லடேகா பந்தயத் தடத்தில் நடந்த மோதலில் எலும்புகள் நொறுங்கின, அத்தோடு ஓட்டம் ஏறக்குறைய முடிந்துபோனது. இத்தனைக்கும் நடுவே ஜெயித்தது ஒரே ஒரு முறை. அந்த ஒரு நாளையும் பறித்துக்கொண்டார்களே என்பதுதான் ஆறவில்லை.

உங்கள் உயர்மட்டப் பந்தயத்தில் இன்னொரு கருப்பின ஓட்டுநர் ஜெயிக்க 2021 அக்டோபர் வரை ஆனது. அடிமைமுறைக்காகப் போரிட்டவர்களின் கொடியை மைதானத்தில் தடைசெய்யவே 2020 ஆயிற்று. அதையெல்லாம் பேசப்போனால் கோபம்தான் வரும். நான் கேட்க வந்தது ஒன்றுதான்.

அன்று பேக்கரை அறிவிக்கச் சொன்னது யார், எந்தக் கணக்கை வைத்துச் சொன்னார் என்று எழுத்தில் தெரிவியுங்கள். தாள்கள் இல்லையென்றால் இல்லை என்றாவது சொல்லுங்கள். அவர் குடும்பத்துக்கு முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் எங்களுக்குச் சொன்னால் போதும். தயவுசெய்து செய்யுங்கள்.

பணிவுடன்,
ஒரு பந்தய ரசிகன்