பௌர்ணமியைத் தள்ளிப்போட முடியாது, ஐயா

எங்கள் மாவட்டத்து மலைகளுக்கும் காடுகளுக்கும் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பங்குனிப் பௌர்ணமி ராத்திரி, காட்பாடிக்கு வடக்கே அந்த மொட்டைப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் நடந்தது உங்கள் காதுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். அதனால் முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. உங்கள் ஊழியர்கள் எழுதிக் கொடுத்ததில் இருக்க வாய்ப்பில்லாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, நிலா வெளிச்சத்தில் மலையைப் படம் எடுக்க அனுமதி கேட்கத்தான் இந்த மடல்.

நாங்கள் இரண்டே பேர், நானும் என் அக்கா மகனும். எல்லைக் கல்லுக்கு வெளியே, ஊராட்சிச் சாலை ஓரத்தில் ட்ரைபாட் போட்டிருந்தோம். மணி எட்டே கால் இருக்கும். ஷட்டர் திறந்து பத்து விநாடிகூட ஆகவில்லை, ஹெட்லைட்டை முழுசாகப் போட்டுக்கொண்டு ஜீப் வந்து நின்றது. மலையைப் படம் எடுக்கிறோம் என்றேன். "இருட்டுல என்னய்யா படம் வரும், உண்மையைச் சொல்லு" என்றார் ஒருவர். சரி, காட்டினால் புரியும் என்று அதற்கு முன் எடுத்த படத்தைக் கேமரா திரையில் காட்டினேன். பாறை பாறையாகத் தெரிகிறது, வானம் நீலமாக இருக்கிறது, கீழே புளியமரத்தின் நிழல்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அவர் பார்த்துவிட்டு, "பகல்ல எடுத்ததைக் காட்டி எங்களையே ஏமாத்துறியா?" என்றார். படத்தைப் பெரிதாக்கி, அந்த நீல வானத்தில் இருந்த நட்சத்திரங்களைக் காட்டினேன். பகலில் நட்சத்திரம் எப்படி வரும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மெமரி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், ரசீது கேட்டதற்குக் கொடுக்கவில்லை. பதினொரு மணி வரை சாலை ஓரத்தில் உட்கார வைத்து அனுப்பினார்கள். பையன் கல்லூரியில் படிக்கிறவன். வீடு வந்து சேரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஊழியருக்கு நிலவொளிப் படம் எப்படி இருக்கும் என்று தெரியாதது அவர் குற்றம் இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முழு நிலாவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான், ஆனால் அதுவும் நிலாவில் பட்டுத் திரும்பி வருகிற சூரிய வெளிச்சமேதான். லென்ஸ் துளையை எஃப்/4, கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 800 என்று வைத்து 30 விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தால் படம் பகல் போலவே வரும். நம் கண்ணுக்கு அந்த வெளிச்சத்தில் நிறம் பிடிபடாது, குன்று முழுக்கச் சாம்பலாகத் தெரியும். கேமராவில் அதே பாறை தேன் நிறத்தில் வந்து நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பத்தொன்பது வருடமாகக் கல்யாணம் காட்சி என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான், எனக்கென்று எடுப்பது இது ஒன்றுதான்.

அனுமதி வாங்கிக்கொண்டு முறையாக வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன், ஐயா. மாசிப் பௌர்ணமிக்காகத் தை மாதமே மனு கொடுத்தேன், தேதிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். நான்கு முறை அலுவலகத்துக்கு அலைந்தேன். கடைசியில் தாள் வந்தது. பொருள் என்ற இடத்தில் "நிலவொளியில் மலையைப் படம் எடுத்தல்" என்று நான் எழுதியது அப்படியே இருக்கிறது. நாள், பௌர்ணமி கழிந்து மூன்றாவது நாள். நேரம், காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்று நாள்தானே வித்தியாசம் என்று மேசையில் இருந்தவர் சொன்னார். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது, மூன்றாம் நாள் அது மேலே வரவே இரண்டரை மணி நேரம் பிந்திவிடும். வெளிச்சமும் பௌர்ணமியில் பாதிகூட இருக்காது. அரை நிலா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பாதி வெளிச்சம் இருக்கும் என்று நினைப்போம், இருப்பது பத்தில் ஒரு பங்குதான்.

நேரமும் அப்படித்தான். நிலா உச்சிக்கு ஏறிவிட்டால் பாறையின் மடிப்பெல்லாம் தட்டையாகிவிடும். கிழக்கே கால்வாசி வானம் ஏறி நிற்கும்போது, பக்கவாட்டில் விழுகிற அந்த வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு வெடிப்பும் வடுவும் தன் நிழலோடு எழுந்து வரும். பௌர்ணமியன்று அது ஏழரையில் இருந்து ஒன்பது வரை. ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை சாயங்கால இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் பருவமழை, மார்கழியில் பனிமூட்டம். வருடத்துக்கு நான்கு பௌர்ணமி நம்பிக்கையாகக் கிடைத்தால் பெரிது. இந்த வருடம் மாசி உங்கள் தாளோடு போயிற்று, பங்குனி ஜீப்போடு போயிற்று.

அதனால் நான் கேட்பது இது. பௌர்ணமி, அதற்கு முந்தைய நாள், அடுத்த நாள் என்று மூன்று ராத்திரி, மாலை 6 முதல் இரவு 10 வரை, நீங்களே குறித்துக் கொடுக்கிற இடங்களில் நின்று படம் எடுக்க அனுமதி வேண்டும். பெயர், ஆதார், வண்டி எண் எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். கட்டணம் வையுங்கள். உங்கள் ஆள் ஒருவரையோ ஊர்ப் பையன் ஒருவனையோ கூட அனுப்புங்கள், அவருக்கான கூலியை நாங்களே தருகிறோம். செம்மரக் கடத்தல், புதையல் தோண்டுகிறவர்கள், பங்குனி வெயிலில் காட்டுத்தீ, கரடி என்று உங்களுக்கு இருக்கிற கவலை எதையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. நாங்கள் தீக்குச்சிகூடக் கொண்டுவருவதில்லை. ஃப்ளாஷ் போட்டால் எங்கள் படம்தான் முதலில் கெடும்.

ராத்திரியில் மலைப் பக்கம் ஆட்களுக்கு என்ன வேலை என்ற கேள்விதான் எனக்குப் புரியவில்லை. பழைய வடாற்காட்டில் சேர்ந்திருந்த திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி விடிய விடிய நடக்கிறார்கள், அரசே சிறப்புப் பேருந்து விடுகிறது. ஜவ்வாது மலைக் காவலூரில் 1960களின் கடைசியில் இருந்து வானியலாளர்கள் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்கள், 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் மலையைப் பார்ப்பது இந்த மண்ணில் யாருக்கும் புதிது கிடையாது.

மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். 1981இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் வந்துவிட்டார், கோயிலின் பழி தீர்ந்தது. மரமில்லா மலை என்ற பழி மட்டும் அப்படியே நிற்கிறது. மரமில்லாததால்தான் ஐயா எங்கள் மலையின் எலும்பு தெரிகிறது. குண்டுப் பாறை ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிற அந்த உருவத்துக்காகத்தான் நான் ராத்திரியில் போய் நிற்கிறேன். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. மூன்று வருடம் முன்பு நான் எடுத்த ஒரு குன்றின் வலது தோள் இப்போது இல்லை, குவாரிக்காரர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல் ஏற்றிய லாரி அதே ஊராட்சிச் சாலையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போகிறது. அதை ஒருவர்கூட நிறுத்தி நான் பார்த்ததில்லை. ட்ரைபாட் வைத்தவனைத்தான் நிறுத்துகிறார்கள். அந்தத் தோள் இருந்ததற்கு இன்றைக்கு என் படம் மட்டும்தான் சாட்சி.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். குவாரி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சித்திரைப் பௌர்ணமி வருகிறது. அன்றைக்கு வேலூரே புஷ்பப் பல்லக்கு பார்க்க விழித்திருக்கும், நாங்கள் இரண்டு பேர் பாறையடியில் இருப்போம். மறுபடியும் மனு கொடுத்திருக்கிறேன். நாள் என்ற இடத்தில் பௌர்ணமியும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள், நேரம் என்ற இடத்தில் மாலை 6 முதல் இரவு 10 வரை. தயவுசெய்து அந்த இரண்டு வரியை மட்டும் மாற்றாமல் கையெழுத்திட்டுத் தாருங்கள். தாளை வாங்க வரும்போது மெமரி கார்டையும் வாங்கிக்கொள்கிறேன். அதில் 41 படங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
வேலூர் ஸ்டுடியோக்காரன் ஒருவன்