அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்

அன்புள்ள மூர்த்தி,

இத்தனை நாள் பதில் போடாதவனை நீ அனுப்பிய அழைப்பிதழின் மாதிரிப் படி உடனே எழுத உட்கார வைத்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியசாமி அண்ணன் வீடு கட்டி முடித்துவிட்டார்; மாடிப்படி எங்கே என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே.

சுதா பள்ளி விழாவில் வயலின் வாசிக்கிறாள் என்பதில் எனக்கு உன்னைவிடப் பெருமை. ஆனால் அவள் வாசிக்கப்போகும் ‘அலைகளின் மேல்’ என்ற வால்ட்ஸுக்கு (மூன்று தட்டுகளில் சுழலும் நடன இசைக்கு) நேரே ‘யோஹான் ஸ்ட்ராஸ், வியன்னா’ என்று போட்டிருக்கிறீர்களே! அது வால்ட்ஸுக்குப் பெயர்போன அந்த ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஸ்ட்ராஸுடையது அல்ல, மூர்த்தி. எழுதியவர் ஹுவென்டினோ ரோசாஸ், மெக்சிகோக்காரர்.

1868-இல் குவானஹுவாட்டோ மாநிலத்துச் சாந்தா குரூஸ் என்ற ஊரில், ஒட்டோமி பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் மெக்சிகோ நகரத்துக்கு வந்ததும், சிறுவயதிலேயே நடனக் குழுக்களில் வயலின் வாசித்துச் சம்பாதித்தார். இசைக் கல்லூரியில் சேர்ந்தும் படிப்பை முடிக்கவில்லை. 1888-இல் வாக்னர்-லெவியன் பதிப்பகம் இந்த வால்ட்ஸை வெளியிட்டபோது அவருக்கு 20 வயது. உரிமைக்குக் கிடைத்தது 45 பெசோ என்கிறார்கள். பியானோவுக்கு அச்சான மெட்டை வாத்தியக் குழுக்கள் எடுத்துக்கொண்டன. அமெரிக்க சர்க்கஸ்களில் பார் விளையாட்டு என்றாலே இந்த இசைதான் என்றாயிற்று. 1951-இல் ஹாலிவுட் படமொன்று இதற்கு ஆங்கில வரிகள் போட்டுப் பாடியது. மெட்டு பரவப் பரவ, எழுதியவர் பெயர் உதிர்ந்துபோனது. இவ்வளவு அழகான வால்ட்ஸ் வியன்னாவில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று பலரும் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

என் ஆத்திரம் அதில்தான். ஸ்ட்ராஸ் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ‘நீல டான்யூப்’ தொடங்கி அவர் பெயரைச் சொல்ல நூற்றுக்கணக்கான படைப்புகள் இருக்கின்றன. ரோசாஸை உலகம் அறிய இந்த ஒன்றுதான் இருக்கிறது. அதையும் பிடுங்கிப் பணக்காரன் வீட்டில் கொண்டுபோய் வைப்பதா?

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வாசித்தார். மறு ஆண்டு ஒரு குழுவோடு கியூபா போன இடத்தில் நோயில் விழுந்து, ஜூலை 9-ஆம் தேதி, பதபானோ என்ற கரையோர ஊரில் இறந்தார். வயது 26. அவர் எலும்புகள் தாய்நாடு திரும்ப 15 ஆண்டுகள் ஆயின. பிறந்த ஊர் இன்று சாந்தா குரூஸ் தே ஹுவென்டினோ ரோசாஸ் என்று அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. நம் அழைப்பிதழில் ஒரு வரி அவருக்குக் கிடைக்கக் கூடாதா?

சுதாவிடம் சொல்: அவசரப்பட வேண்டாம். முதல் தட்டை ஊன்றி, மற்ற இரண்டையும் மெல்ல விடட்டும். மெட்டு தானாக ஏறி இறங்கும்.

அச்சகத்துக்கு நாளையே போய்விடு. பள்ளியில் யாராவது மறுத்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. நான் விழாவுக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். அந்தக் கிழிந்த பாயை எனக்குப் போடாதே.

அன்புடன்,
ராகவன்