ஒப்பந்த வேலையும் தனிக்குடித்தனமும்

ஆசிரியருக்கு,

முப்பது வயதைத் தொட்டும் பெற்றோர் வீட்டிலேயே இருக்கும் இளைஞர்களைப் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பு குறைந்துவிட்டது என்ற முடிவை ஏற்க மனம் வரவில்லை. தனியே வாழ்வது குணத்தை மட்டும் பொறுத்தது என்றால், நாட்டுக்கு நாடு இத்தனை வேறுபாடு இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இளைஞர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது பின்லாந்தில் 21.3, குரோஷியாவில் 33.4. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல முடியுமா? பின்லாந்தில் படிக்கும் காலத்திலேயே அரசு உதவித்தொகை கிடைக்கிறது. வாடகை வீட்டில் குடியேற அது பெரிதும் கைகொடுக்கிறது.

என் மகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. அந்த வயதில் நான் வாங்கியதைவிட நல்ல சம்பளம்தான். ஆனால் வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது, வங்கி அதிகாரி சம்பளச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒப்பந்தம் முடியும் தேதி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடினார். விண்ணப்பம் அதோடு நின்றுபோனது. நிரந்தர வேலையில் இருந்த எங்களுக்கு நியமனக் கடிதமே போதுமானதாக இருந்தது. ஒரே நிறுவனத்தில் ஒப்பந்தம் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்தால், அந்த வருமானத்தையும் நிலையான வருமானமாக ஏற்றுக் கடன் வழங்க வங்கிகளுக்கு விதி வகுக்க வேண்டும். அப்புறம், ஒருவரை எத்தனை ஆண்டுகள் ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு தேவை.