பால்மீட் ஆற்றின் நீர்மட்டத்தைத் தனியாக அளந்து அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கிளேர் எஸ்டேட், ரிசர்வாயர் ஹில்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள், மழைநீர் வடிகால் மற்றும் நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மைத் துறை, ஈதெக்வினி மாநகராட்சி, டர்பன்.

பொருள்: பால்மீட் ஆற்றின் மேற்பகுதியில் நீர்மட்டம் அளந்து, கரையோர மக்களுக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். குளூஃப் மேட்டுப் பகுதியில் தோன்றி, பைன்டவுன், வெஸ்ட்வில் வழியாக இறங்கி, எங்கள் வீடுகளை ஒட்டி ஓடி, ஸ்பிரிங்ஃபீல்டு அருகே உம்கேனி ஆற்றில் கலக்கும் பால்மீட் ஆற்றைப் பற்றித் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

உம்கேனி 232 கி.மீ. நீளமுள்ள பெரிய ஆறு. மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என நான்கு பெரிய அணைகள் அதன் நீரைத் தேக்கி விடுவதால், அதன் போக்கை ஓரளவு முன்கூட்டியே கணிக்க இயலும். ஏறத்தாழ 26 கி.மீ. மட்டுமே ஓடும் பால்மீட்டோ இந்த அணைகள் எல்லாவற்றுக்கும் கீழே வந்து கலக்கிறது. அதன் வெள்ளத்தை இனாண்டா அணையால் தடுக்க முடியாது. ஆகவே உம்கேனியின் நிலையை மட்டும் பார்த்து எங்கள் கரைக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று முடிவு செய்வது பொருந்தாது.

இந்தச் சிற்றாற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 37 சதுர கி.மீ. அப்பரப்பில் 10 மி.மீ. மழை பெய்தாலே 3,70,000 கன மீட்டர் நீர் விழுகிறது. முன்பு புல்லும் புதரும் மண்ணும் அதில் பெரும்பங்கை உறிஞ்சியிருக்கும். இன்று மேற்பகுதியில் தொழிற்சாலைக் கூரைகளும் தார்ச்சாலைகளும் வாகன நிறுத்துமிடங்களும் பரவியிருப்பதால், விழும் மழை வடிகால்கள் வழியே நேராக ஆற்றுக்குள் பாய்கிறது. வெஸ்ட்வில்லில் உள்ள பால்மீட் இயற்கைக் காப்பகத்தில் மணற்கல் பாறைகளுக்கு இடையே ஆறு குறுகிச் செல்கிறது. அங்கே வெள்ளம் பரந்து தணிய இடமில்லை. சரிவில் வேகம் பிடித்து இறங்கும் அந்த நீர் முதன்முதலாகப் பரவக் கிடைக்கும் தாழ்நிலம், மக்கள் நெருக்கமாக வாழும் குவாரி சாலைப் பகுதிதான். எங்கள் தெருவில் வானம் வெளுத்திருக்கும்போதே பைன்டவுனில் பெய்த மழை இங்கு வந்து சேர்வது இதனால்தான்.

கலக்கும் இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உம்கேனி நிரம்பி ஓடும் நேரத்தில் பால்மீட்டின் நீர் உள்ளே நுழைய முடியாமல் பின்வாங்கி மேலேறுகிறது. அச்சமயம் பாலங்களின் அடியில் மரக்கிளைகளும் குப்பையும் வண்டலும் அடைத்திருந்தால் தேக்கம் மேலும் பெருகும்.

ஸ்பிரிங்ஃபீல்டின் தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த எங்கள் முன்னோர் 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி வெள்ளத்தில் சிக்கியபோது, படவட்டான் குழுவினர் அறுவர் படகில் சென்று 176 பேரைக் காப்பாற்றினர். அந்த நினைவை இன்றும் போற்றுகிறோம். ஆனால் துணிந்தவர்களின் கையில் மட்டுமே உயிர்களை ஒப்படைக்கும் நிலை இன்று வரலாகாது. 2022 ஏப்ரலில் டர்பன் வட்டாரத்தின் சில மழைமானிகளில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் மழை பதிவாகி, மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது மாநகராட்சியின் முன்னெச்சரிக்கை கிடைத்ததால் குவாரி சாலை மேற்குக் குடியிருப்பினர் மேட்டுக்கு ஏற முடிந்ததை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். எங்கள் சமூகத்தில் புனித வெள்ளியை ஒட்டிய தீமிதித் திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் கரகம் சோடிக்கும் வழக்கம் இருப்பதால், ஏப்ரல் மழை எங்களுக்குக் கூடுதல் கவலை தருகிறது.

எனவே, பால்மீட் காப்பகத்துக்கு மேலே ஓரிடத்திலும் குவாரி சாலைப் பாலத்திலும், கரையில் நிற்பவர் கண்ணால் பார்த்தே அறியக்கூடிய நீர்மட்ட அளவுகோல்களை நட்டு, அபாய அளவைச் சிவப்புக் கோட்டால் குறிக்க வேண்டுகிறோம். மேலே எடுக்கப்படும் அளவுகள் கைபேசிச் செய்தியாக ஜூலு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எல்லாக் கரையோரக் குடும்பங்களுக்கும் சென்றடைய வேண்டும்; முடிந்தால் முதியோருக்காகத் தமிழிலும் அனுப்பலாம். அக்டோபரில் கோடை மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் பாலங்களின் அடைப்பை நீக்கித் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். இவற்றுள் எதையேனும் முதலில் செய்வதானால், மேற்பகுதி அளவுகோலையே முதலில் நடும்படி வேண்டுகிறோம். அதைக் காத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் எங்கள் இளைஞர்கள் பங்கேற்பார்கள்.

இடங்களை நேரில் காட்ட எங்கள் பிரதிநிதிகள் ஆயத்தமாக உள்ளனர். தங்கள் அலுவலர்கள் வரும் நாளைத் தெரிவித்து உதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள கரையோரக் குடும்பத்தினர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், இம்மனுவின் ஆங்கில, ஜூலு பிரதிகள்.